யாரும் காசு போடாத இருபது நிமிடம்

அந்தக் கேசட்டின் முதுகில் ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. நீல மையில் 'பாஸ்' என்று ஒரு சொல், அதற்குக் கீழே அத்தானின் கையொப்பம். தொழிற்சாலையில் சரிபார்த்து அனுப்பும் சாமான்களின் மேல் ஒட்டுகிற அதே தாள். நாடா இன்னும் அறுந்துபோகவில்லை. போட்டால் ஒரு விண்கப்பல் வீடியோ கேமின் முகப்புப் பாட்டு இரண்டு நிமிடம் ஓடும். தூசு இல்லை, இரைச்சல் இல்லை, துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் பிறகு இருபத்தெட்டு நிமிடம் வெறும் மௌனம். அங்கே ஒரு காலத்தில் வேறொரு பாட்டு இருந்தது. எனக்குத் தெரிந்தவரை உலகத்தில் அந்த ஒரு நாடாவில் மட்டும்தான் அது இருந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பினாங்கில், குவீன் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துச் சில வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்த நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் தினமும் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய், மாக் மண்டினில் வானொலிப் பெட்டிக்கு உறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அந்த ஊரை அவரும் பார்த்ததில்லை, அவர் அப்பாவும் பார்த்ததில்லை. பெண்களைப் 'பிள்ளை' என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் நாக்கில் மிச்சமிருந்தது. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். அக்கா ஊற்றிக் கொடுத்த தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை சமமாக இருக்கிறதா என்று பார்த்தவர். கல்யாணமான புதிதில் அக்கா அழுதாள். பிறகு ஓட்டை இருக்கிற தோசையாகப் பார்த்து முதலில் அவருக்கே போட ஆரம்பித்தாள்.

எனக்கு வேலை கிடைத்தது நகரத்து வணிக வளாகம் ஒன்றில், வீடியோ கேம் கடையில். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ரிங்கிட் வெள்ளியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கும் வேலை. பெண்பிள்ளை வேலை செய்கிற இடமா அது என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். சரி, நானே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அத்தான் ஒரு சனிக்கிழமை புறப்பட்டார். வந்தவர் என்னையும் பார்க்கவில்லை, கடை முதலாளி தவுக்கேயையும் பார்க்கவில்லை. இருபத்து மூன்று மிஷின்கள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்த அந்தச் சந்தை இரைச்சலில், மூலையில் இருந்த ஒரு மிஷின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். விளையாடுகிற பையன்கள் அவரைக் கிறுக்கு என்று நினைத்து விலகிப்போனார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "இடம் நல்ல இடந்தான் லா. என்னா மியூசிக்!" என்றார். என் மானம் மரியாதையெல்லாம் அந்த மியூசிக்கில் தப்பியது. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டவள்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அத்தான், அவருக்கு ஃபெர்ரியில் பழக்கமான ஒரு பேங்க் கிளார்க், ஞாயிறு கடையில் வேறு ஆள் உட்காருவதால் நான், அவ்வளவுதான். டிவியில் மாட்டி விளையாடும் ஜப்பான் பெட்டி ஒன்றைக் கிளார்க் வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். அதன் சத்தத்தை ஒயர் வழியாக நேரே கேசட் ரெக்கார்டருக்குள் இறக்கும் வேலையை அத்தான் செய்துவைத்திருந்தார். சிக்கல் என்னவென்றால், விளையாட்டில் சுட்டால் துப்பாக்கிச் சத்தம் பாட்டின் மேல் விழும். எதிரி செத்தால் வெடிச் சத்தம். நாம் செத்தால் பாட்டே நின்றுவிடும். அதனால் பாட்டு ஒரு முழுச் சுற்று முடியும்வரை சுடாமல், சாகாமல், யாரையும் தொடாமல், வருகிற குண்டையெல்லாம் ஒதுங்கி ஒதுங்கியே உயிரோடு இருக்க வேண்டும். கிளார்க் அதில் சூரர். சட்டைக் காலர் நனைய நனைய ஒரு விண்கப்பலை மூன்று நிமிடம் பரம சாதுவாக ஓட்டுவார். அந்த மூன்று நிமிடமும் நாங்கள் யாரும் இருமக்கூட மாட்டோம். ஒயரில்தான் பதிவாகிறது, இருமினால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் இருமியதில்லை.

பதிந்த பிறகு விவாதம் நடக்கும். இரண்டாம் கட்டத்துப் பாட்டு மோகனமா இல்லையா என்று அத்தானும் கிளார்க்கும் மூன்று ஞாயிறு சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ராகம் தெரியாது. கோயில் கச்சேரியில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு அடித்துப் பேசுவார்கள். "ஜப்பான்காரன் ஆபீஸ்ல உக்காந்து மோகனம் போட்டானாக்கும்" என்று அக்கா வடையை வைத்துவிட்டுப் போவாள். ஆனால் அந்தச் சண்டையில் ஓர் அக்கறை இருந்தது. அந்தப் பாட்டுகளைப் போட்டவர்களின் பெயர் எங்கும் கிடையாது. கடையில் மிஷின் பழசானால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிவிட்டு வேறு விளையாட்டை மாட்டிவிடுவார்கள். பலகையோடு பாட்டும் போய்விடும். "நாம பிடிச்சி வைக்கலைன்னா யாரு பிடிச்சி வைப்பா?" என்று அத்தான் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இருபத்திரண்டு வயதில் புல்லரிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த அக்கறைக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு பாட்டுக்கு ஒரு பதிவுதான். அவர் தொழிற்சாலையில் கழிவான சாமானை நல்ல சாமானோடு ஒரே மேசையில் வைக்கக்கூடாது. வைத்தால் எப்படியும் கலந்துபோகும், கலந்தால் கம்பெனி பெயர் கெடும். அதனால் கழிவை அன்றைக்கே உடைத்துவிட வேண்டும். அதையும் செய்தவனே தன் கையால் உடைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த தடவை கவனமாக இருப்பான். இதை அப்படியே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தார். புதிய பதிவு பழையதைவிடச் சுத்தமாக இருந்தால் பழையதை அன்றைக்கே அழித்துவிட வேண்டும், அதைப் பதிந்தவரே அழிக்க வேண்டும். வானொலி உறைக்கு அந்தச் சட்டம் சரி. ஒரு உறை உடைந்தால் நூறு உறை வரும். பாட்டு அப்படியா? இந்தக் கேள்வியை அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாக நான் பொருமிக்கொண்டே மறைத்துவருகிறேன்.

இனி என் பாட்டைச் சொல்கிறேன். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். பள்ளிக்கூடம் விடும்வரை ஈ காக்கை இருக்காது. பரீட்சை மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். மிஷின்களையெல்லாம் போட்டுவிட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். யாரும் காசு போடாதபோது மிஷின் தானாக ஆள் பிடிக்கும். படம் காட்டும், முகப்புப் பாட்டைப் போடும், கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி போடும். மூலையில் இருந்த விண்கப்பல் மிஷினும் அப்படித்தான். குதிரை ஓட்டம் மாதிரி ஒரு பாட்டு. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன பாட்டு. ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரும் அதைத் தொடாமல் விட்டால், எழுத்தெல்லாம் மறைந்து திரையில் வெறும் நட்சத்திரம் மட்டும் நிற்கும். அப்போது வேறொன்று வரும். மெதுவாக, மேலிருந்து படியிறங்குவது போலப் பதினொரு சுரம். இரண்டாம் முறை வரும்போது கீழிருந்து இன்னொரு குரல் சேரும். பிறகு நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பழைய குதிரை ஓட்டம் ஆரம்பிக்கும். விளையாட வருகிறவன் அதைக் கேட்க வாய்ப்பே இல்லை. வந்ததும் காசைப் போட்டுவிடுவான். அது காலியான கடைக்கு மட்டும் கேட்கிற பாட்டு. முதல் தடவை கேட்டபோது என் கையில் இருந்த டோக்கனைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவர், பெயர் இல்லாத ஒருவர், யாருமே கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் அவ்வளவு அழகாக ஒன்றைச் செய்து உள்ளே வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அதைப் பதிய வேண்டும் என்று முடிவு செய்தேன். அக்காவின் சின்ன ரெக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய், மிஷின் தலையில் வைத்து, கடை திறந்ததும் மற்ற மிஷின்களைப் போடாமல் அதை மட்டும் ஓடவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தையல்கடைக்காரர் அன்றைக்கென்று பார்த்து இரும்புக் கதவை இரண்டு தடவை ஏற்றி இறக்கினார். கூட்டுகிற அம்மா வந்து வாளியை உருட்டினார். என் வளையல் வேறு மிஷின் மேல் பட்டு ஓசை செய்தது. எல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குள் நடந்தது. பிறகு அமைதி. சரியாக அந்த நேரத்துக்குப் பதினொரு சுரமும் இறங்கி வந்து, இரண்டாம் குரலும் சேர்ந்து, நாடாவில் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போட்டுக் கேட்டேன். இருந்தது. கரகரப்பாக, தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி மாதிரி இருந்தது. ஆனால் இருந்தது.

அந்த ஞாயிறு பெருமையோடு கேசட்டை நீட்டினேன். அதே ஞாயிறு கிளார்க்கும் அந்த விண்கப்பல் விளையாட்டின் டிவிப் பதிப்பைக் கொண்டுவந்திருந்தார். என் கெட்ட நேரத்துக்கு வேறு ஞாயிறே கிடைக்கவில்லை. அத்தான் முதலில் ஒயர் வழியாக முகப்புப் பாட்டைப் பதிந்தார். பிறகு என் கேசட்டைப் போட்டார். குதிரை ஓட்டம் ஓடியது. இரும்புக் கதவு கடகடவென்று ஏறியது. கிளார்க் சிரித்துவிட்டார். வாளி உருண்டது. அத்தான் பொத்தானைத் தட்டி நிறுத்தினார்.

"கடைசி வரைக்கும் கேளுங்க அத்தான். நல்லது கடைசியிலதான் இருக்கு."

"எத்தன நிமிஷம்?"

"இருவது நிமிஷத்துக்கு மேல போகணும்."

"இருவது நிமிஷம் இந்தக் கதவுச் சத்தத்தக் கேக்கணுமா? பிள்ளை, முதல் பீஸே ரிஜெக்ட்டுன்னா மிச்சத்தப் பாக்க வேணாம். ரெண்டும் ஒரே பாட்டுதான். இது கிளீனா இருக்கு, அது ரோசாக், கெட்டுப்போச்சு."

"ஒரே பாட்டு இல்ல அத்தான். டிவியில இருக்கறது முதல் துண்டு மட்டும்தான். மிஷின்ல இன்னும் இருக்கு. யாரும் விளையாடாம விட்டாதான் வரும்."

கிளார்க் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி, அந்த கேமை நான் ஏழு கட்டம் வரைக்கும் முடிச்சிருக்கேன். அப்படி ஒரு பாட்டு இல்லவே இல்ல" என்றார். விளையாடினால் வராது என்று நான் சொல்வதற்கு, விளையாடிப் பார்த்தேன் வரவில்லை என்று பதில். இந்தப் பேச்சுக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பக்கத்து மிஷின் பாட்டு என் காதில் கலந்திருக்கும் என்றார் அத்தான். இருபத்து மூன்று மிஷின் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். ஆனால் ஒருவர் தரம் பார்ப்பவர், ஒருவர் ஏழு கட்டம் முடித்தவர். நான் டோக்கன் கொடுப்பவள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அப்படிக்கூட இல்லை. இவர்கள் நல்ல காது உள்ளவர்கள்.

அத்தான் கேசட்டைத் திருப்பி என் கையில் கொடுத்தார். சட்டப்படி நான்தான் அழிக்க வேண்டும். எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்திலும் ஒரு அசட்டு வீறாப்பு. மிஷின் எங்கே ஓடிவிடப் போகிறது? நாளைக் காலை கதவு திறப்பதற்கு முன்னாலேயே போய், துணியைச் சுற்றி, ஒரு இரைச்சலும் இல்லாமல் பதிந்து கொண்டுவந்து இவர்கள் முகத்தில் வைக்கிறேன் பார் என்று நினைத்தேன். ரெக்கார்ட், பிளே இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். டிவிப் பெட்டியின் ஒயரிலிருந்து இரண்டு நிமிடம் சுத்தமான பாட்டு ஏறியது. மிச்ச நாடாவை வெறுமனே ஓடவிட்டு முழுதும் அழிக்க வேண்டும் என்பது சட்டத்தின் இன்னொரு பிரிவு. ஓடவிட்டேன். இருபத்தெட்டு நிமிடம் அது என் கண்ணெதிரே சுற்றியது. எந்த நிமிடத்திலும் எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம். இருபதாவது நிமிடத்தில் நான் சமையலறையில் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் நான் சொல்லிவந்த கதை, அத்தான் அழித்துவிட்டார் என்பது. அவர் சொன்னார், உண்மை. அழுத்தியது என் விரல்.

மறுநாள் கடை வார விடுமுறை, ஆத்திரத்தில் அதை மறந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை போனால் மூலையில் அதே பெட்டி நின்றது, அதே கைப்பிடி, அதே சிகரெட் சூட்டுத் தழும்பு. மேலே ஒட்டியிருந்த படம் மட்டும் வேறு. திரையில் இரண்டு பேர் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தவுக்கேயிடம் ஓடினேன். "ஓல்ட் கேம் லா. நோபடி ப்ளே" என்றார். பலகை எங்கே என்றேன். பழைய சாமான் வாங்குகிறவன் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டான், தாய்லாந்துப் பக்கம் போயிருக்கும் என்றார். நோபடி ப்ளே. ஒருவரும் விளையாடாததால்தான் அந்தப் பாட்டு எனக்குக் கேட்டது. ஒருவரும் விளையாடாததால்தான் அது இல்லாமலும் போனது. கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். முதலில் வந்த வாடிக்கையாளருக்கு டோக்கன் எண்ணும்போது இரண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் போல, அவன் அன்றைக்கு நான்கு தடவை வந்தான்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் அதே மிஷின் இருப்பதாகக் கிளார்க் சொன்னார். விடுமுறை நாளில் ஃபெர்ரி ஏறிப் போனேன். மிஷின் இருந்தது. ஆனால் அதைத் தொடாமல் இருபது நிமிடம் விட வேண்டுமே! பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒருவன் வந்து காசு போட்டான். அவன் சாகும்வரை காத்திருந்து மறுபடி கணக்கை ஆரம்பித்தேன். பதினாறாவது நிமிடத்தில் இன்னொருவன். மூன்றாவது தடவை கைப்பையைக் கைப்பிடியின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். "சிஸ்டர், விளையாடறீங்களா இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். "இல்ல, கேக்கறேன்" என்றேன். கடைக்காரர் வந்து, விளையாடாவிட்டால் இடத்தை விடு என்று விரட்டினார். பினாங்கு முழுக்க விளையாட மிஷின் கிடைக்கும், விளையாடாமல் இருக்க ஒரு மிஷின் கிடைக்காது. இரண்டு மாதம் ஒவ்வொரு விடுமுறையும் போனேன். அப்புறம் அந்தக் கடையையும் மூடினார்கள். பிறகு ஊரில் ஒவ்வொரு கடையாக மூடிக்கொண்டே வந்தார்கள். நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அத்தானை மட்டும் நான் விடவில்லை. தீபாவளிக்குப் போனால் பலகாரத்தைத் தின்றுகொண்டே அந்தப் பதினொரு சுரத்தையும் அவர் எதிரில் முனகிக் காட்டுவேன். "இது டிவியில இருக்கா? சொல்லுங்க." அவர் தலையை ஆட்டுவார். "அது பக்கத்து மிஷின் லா, பிள்ளை." பிள்ளைகள் காது குத்து, வீடு குடிபுகல், அவர் வேலை ஓய்வு விருந்து, ஒன்றையும் விட்டதில்லை. ஒரு தடவை பேச்சு முற்றி, அவர் கைகூட நனைக்காமல் எழுந்து போய்விட்டார். அக்கா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. ஒரு பாட்டுக்காகவா இந்தக் கூத்து என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டுக்காக மட்டும் இல்லை. நான் கேட்டேன் என்று ஒருத்தி சொன்னால், கேட்டாள் என்று ஒருவராவது நம்ப வேண்டாமா?

என் மகன் கணினியில் எல்லாம் கிடைக்கும் என்று சொன்ன நாளில் எனக்கு மறுபடியும் வெறி பிடித்தது. உண்மையிலேயே கிடைத்தது. எங்களைப் போன்ற பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய பலகைகளைத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் பாட்டை ஒரு சுரம் சிந்தாமல் உருவி, வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். பாட்டுப் போட்டவர்களின் பெயரைக்கூடக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். எங்கள் மாடியில் மூன்று பேர் வியர்க்க வியர்க்கச் செய்ததை இவர்கள் முப்பதாயிரம் பேராகச் செய்கிறார்களே என்று மகிழ்ந்தேன். அந்த விண்கப்பல் விளையாட்டின் பட்டியலைத் திறந்தேன். பதினான்கு பாட்டு இருந்தது. என் பாட்டு இல்லை. மகனை உட்காரவைத்து அவர்களுக்கு எழுதச் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. எங்கள் பக்கத்துக்கு வேறு விதமான பலகை வந்திருக்கலாம், அப்படிச் சில விளையாட்டுகளுக்கு உண்டு என்றார்கள். பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, அழித்துவிட்டோம் என்று எழுதினேன். முனகி அனுப்பினேன். அழகாக இருக்கிறது, ஆனால் ஒருவர் நினைவை மட்டும் வைத்துப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றார்கள். உங்களோடு அதைக் கேட்ட இன்னொருவர் இருந்தால், அவரும் தனியாக நினைவுகூர்ந்தால், ஒரு குறிப்பாகவாவது சேர்த்துக்கொள்கிறோம் என்று முடித்திருந்தார்கள். இன்னொருவர்! காலியான கடையில் என்னோடு யார் இருந்தார்கள்? கூட்டுகிற அம்மாவின் முகம் நினைவிருக்கிறது, பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது ஜுரு பக்கம் தங்கள் மகனோடு இருக்கிறார்கள். அத்தானுக்கு எழுபத்தாறு வயது. கொஞ்ச நாளாக நினைவு முன்னும் பின்னுமாக ஓடுகிறது. காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், மாக் மண்டின் மேலாளரின் கார் எண்ணைச் சொல்கிறார். மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து அவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுளையைத் தடவிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். பிறகு, யாரும் கேட்காமல், முனக ஆரம்பித்தார். என் கை நின்றுவிட்டது. அதேதான். மேலிருந்து இறங்குகிற பதினொரு சுரம்.

"அத்தான், இது என்னா பாட்டு?"

"மறந்துட்டியா, பிள்ளை? உன் கடை மூலையில இருந்த மிஷின். யாரும் விளையாடலைன்னா வருமே."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேனே. நின்னு கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. டிவியில அது இல்ல." அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு நம்ப மாட்டேங்கிறா? எழுதிப் போடு. நானும் கேட்டேன்னு போடு. நான் சைன் பண்றேன்."

முப்பத்தைந்து வருடம் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. இன்னொரு தடவை பாடுங்கள் என்றேன். கைப்பேசியை எடுத்து முன்னால் வைத்தேன். சந்தோஷமாக மறுபடி முனகினார். ஏழாவது சுரத்தில் நிறுத்தி, சட்டென்று மூச்சை இழுத்து, எட்டாவதைக் கொஞ்சம் அழுத்தித் தொடங்கினார். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் அதே இழுப்பு. அத்தானுக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது, மருத்துவரே சொன்னார். சிறு வயதிலிருந்து மூச்சுத் தொல்லை எனக்குத்தான். பதினொரு சுரத்தையும் ஒரே மூச்சில் என்னால் பாட முடிந்ததே இல்லை. தீபாவளியிலும் காது குத்திலும் ஓய்வு விருந்திலும் நான் அவர் எதிரில் ஏழாவதில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பாடுவேன். அவர் கேட்டது மிஷினை இல்லை. என்னை. மிஷின் மூச்சு வாங்காது.

"எழுதுறேன் அத்தான்" என்றேன். அவர் திருப்தியாக அடுத்த சுளையை எடுத்துக்கொண்டார். கைப்பேசியில் இருந்ததை அழிக்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலத்தில் நெரிசல். கண்ணை மூடிக்கொண்டு, சரி, நானாவது நேராகக் கேட்டவள் என்று மனதுக்குள் அந்தக் கடையைத் திறந்தேன். மிஷின்களையெல்லாம் போட்டுவிட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. எழுத்து மறைந்தது, நட்சத்திரம் மட்டும் நின்றது, பாட்டு மெதுவாக இறங்கி வந்தது. ஏழாவது சுரத்தில் நின்று மூச்சு வாங்கியது.